இரைவது பெட்டியா, ஸ்பீக்கரா?

பவர் ஆம்பிளிஃபயரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் அதை அணைத்து, ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். (கண்ணாடி வால்வுகளில் ஓடும் வால்வு ஆம்ப் என்றால் கழற்ற வேண்டாம், காதை வைத்துக் கேட்டாலே போதும்.)

ஆம்பின் பெட்டியே இரைந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரும்புக் கோர் நொடிக்கு 100 முறை அதிரும். வளையம் போன்ற கோர் உள்ள டொராய்டு வகைக்கு இந்தத் தொல்லை அதிகம். வீட்டு மின்சாரத்தில் கொஞ்சம் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கலந்தாலே கோர் திணறிவிடும். வீட்டில் யாராவது ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஓட்டும்போது மட்டும் இரைகிறதா? பெரும்பாலும் இதுதான். அந்த டிசியைத் தடுக்கும் டிசி பிளாக்கர் போட்டால் அடங்கும். E, I வடிவத் தகடுகளை அடுக்கிய இஐ கோர் இதை ஓரளவு தாங்கும், ஆனால் அதில் தகடுகள் தளர்ந்து கடகடக்கும்.

பெட்டி அமைதியாக இருந்து, ஸ்பீக்கரை மாட்டியதும் அதில் கேட்டால் கதை வேறு. பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளைக் கழற்றி, இன்புட்டில் ஷார்ட்டிங் பிளக் (சிக்னல் முனையையும் கிரவுண்டையும் இணைத்துவிடும் பிளக்) செருகுங்கள். சத்தம் நின்றால் பெரும்பாலும் கிரவுண்ட் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகி இரைச்சல் புகுவது), அல்லது கேபிளே கோளாறு. நிற்காமல் 100 ஹெர்ட்ஸில் கரகரத்தால் ஆம்பின் பவர் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களுக்கு வயதாகியிருக்கலாம். நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளைத்தான், அதுதான் செலவில்லாத சோதனை. அப்புறம், லூப்பை வெட்டுகிறேன் என்று பிளக்கின் எர்த் ஒயரைக் கழற்றுகிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே இன்சுலேஷன் போனால் ஆம்பின் உலோக உடம்பே ஷாக் அடிக்கும்.