டைல்ஸ் கணக்கு: சதுர அடியா, வரிசை எண்ணிக்கையா?

ஓர் அறைக்கு எத்தனை டைல்ஸ் வேண்டும் என்பதை இரண்டு வழிகளில் கணக்கிடலாம். தரையின் பரப்பளவைச் சதுர அடியில் கண்டு, கழிவுக்காக 5 அல்லது 10 சதவீதம் கூட்டி, ஒரு பெட்டியின் பரப்பளவால் வகுப்பது கடைகளில் வழக்கமான முறை. நீளவாக்கில் எத்தனை டைல்ஸ், அகலவாக்கில் எத்தனை வரிசை, சுவரோரம் எவ்வளவு அகலத்தில் துண்டு விழும் என்று ஒவ்வொன்றாக எண்ணுவது, பதிக்கும் மேஸ்திரி தரையில் நூல் பிடிக்கும்போது செய்யும் முறை. எந்த அளவு டைல்ஸ் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து இவ்விரண்டும் தரும் விடைகள் ஒத்தும் போகும், விலகியும் போகும்.

12 அடி 6 அங்குல நீளமும் 10 அடி 9 அங்குல அகலமும் கொண்ட ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். இதன் பரப்பளவு 134.4 சதுர அடி. கதவுக்கு 3 அடி விட்டால், சுவரின் அடியில் சுற்றிலும் ஒட்டும் டைல்ஸ் பட்டையான ஸ்கர்ட்டிங்கின் நீளம் 43.5 அடி, 4 அங்குல உயரத்துக்கு அது 14.5 சதுர அடி ஆகும். இரண்டையும் கூட்டி 5 சதவீதம் கழிவு சேர்த்தால் சுமார் 156 சதுர அடி வருகிறது.

வகுக்கும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘இரண்டுக்கு இரண்டு’ என்று விற்கப்படும் டைல்ஸ் உண்மையில் 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்பதோ ஏறத்தாழ 610 மில்லிமீட்டர். நான்கு டைல்ஸ் கொண்ட பெட்டியை 16 சதுர அடி என்று வாய்க்கணக்காகச் சொன்னாலும், அது மூடுவது 15.5 சதுர அடியே. 16ஆல் வகுத்தால் நம் அறைக்கு 10 பெட்டி; 15.5ஆல் வகுத்தால் 11 பெட்டி. ஆயிரம் சதுர அடி வீட்டுக்குக் கழிவு சேர்க்கும் முன்பே இதனால் இரண்டு பெட்டி குறைந்துபோகும்.

இனி இதே அறையை வரிசையாக எண்ணிப் பார்ப்போம். டைல்ஸுக்கு இடையே இடைவெளி விட 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் ஒரு டைல்ஸ் 602 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும். 3810 மில்லிமீட்டர் நீளத்தில் 6 முழு டைல்ஸும் ஏறக்குறைய 198 மில்லிமீட்டர் துண்டும், 3277 மில்லிமீட்டர் அகலத்தில் 5 முழு டைல்ஸும் 267 மில்லிமீட்டர் துண்டும் அமையும். துண்டுக்கு ஒரு முழு டைல்ஸ் என்று வைத்து ஏழையும் ஆறையும் பெருக்கி 42 என்று சொல்வது மிகையான கணக்கு. வெட்டிய மிச்சம் இன்னொரு இடத்துக்குப் பயன்படும். ஆனால் எவ்வளவு பயன்படும் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. பக்கத்து டைல்ஸோடு சேரும் விளிம்பு, தொழிற்சாலையிலிருந்து வந்த நேரான விளிம்பாக இருக்க வேண்டும். வெட்டிய விளிம்பு சுவரோரம் போய் ஸ்கர்ட்டிங்கின் கீழ் மறைய வேண்டும். ஆகையால் 198 மில்லிமீட்டர் துண்டுகள் ஒரு டைல்ஸில் மூன்று கிடைப்பதுபோல் தோன்றினாலும், இருபுறமும் வெட்டுப்பட்ட நடுத்துண்டு தரைக்கு உதவாது. இரண்டு என்றே கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் முழு டைல்ஸ் 30, நீளத்தின் கோடியில் வரும் ஐந்து துண்டுகளுக்கு 3, அகலத்தின் கோடியில் வரும் ஆறு துண்டுகளுக்கு 3, ஆக 36. மூலைத் துண்டு மிச்சத்திலேயே கிடைத்துவிடும். தரைக்கு உதவாத நடுத்துண்டுகளை ஸ்கர்ட்டிங்குக்குக் கிழித்துக்கொண்டால், அதற்கென்று இன்னும் 4 டைல்ஸ் போதும். மொத்தம் 40, அதாவது சரியாக 10 பெட்டி. உடைவதற்கும் பின்னாளில் மாற்றுவதற்கும் ஒரு பெட்டி கூட்டினால் 11. சதுர அடிக் கணக்கும் 11 என்றுதான் சொன்னது. ஆகவே இரண்டுக்கு இரண்டு சாதா டைல்ஸுக்கு, பெட்டியின் அளவைச் சரியாக எடுத்துக்கொள்ளும் வரையில், சதுர அடி முறையை நம்பலாம்.

இதே அறைக்கு 800 மில்லிமீட்டர் டைல்ஸ் எடுத்தால் நிலைமை வேறு. அகலத்தில் 4 முழு டைல்ஸ் போக, மிஞ்சுவது 69 மில்லிமீட்டர். மூன்று அங்குலம்கூட இல்லாத அந்தப் பட்டை சுவரோரம் நீளமாக ஓடுவதை நல்ல மேஸ்திரி எவரும் ஒப்பமாட்டார். நடுவில் 3 முழு வரிசை போட்டு, இருபுறமும் சுமார் 435 மில்லிமீட்டர் துண்டாகப் பிரித்துவிடுவார். அதுவே சரியான பதிப்பு என்பது என் கருத்தும். ஆனால் 800இல் 435 ஒன்றுதான் வெட்ட முடியும் என்பதால், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முழு டைல்ஸ் போகிறது. நீளத்திலும் 4 முழு டைல்ஸும் ஒரு துண்டுமாக வரிசைக்கு 5 வேண்டும் என்பதால், ஐந்து வரிசைக்கு எண்ணிக்கை 25 ஆகிறது. மிச்சத்திலிருந்தே ஸ்கர்ட்டிங் முழுவதும் கிடைத்துவிடுகிறது என்பது இதில் ஓர் ஆறுதல். சதுர அடி முறையோ, ஸ்கர்ட்டிங்கும் 10 சதவீதக் கழிவும் சேர்த்த பிறகும் 24 என்றே சொல்லும். மூன்று டைல்ஸ் கொண்ட பெட்டியாக 8 வாங்கி வந்தால், வேலை முடியும் தறுவாயில் ஒரு டைல்ஸ் குறையும். அந்த ஒன்றுக்காகக் கடைக்குத் திரும்பும்போது அதே பேட்ச், அதாவது ஒரே சமயத்தில் தயாரான தொகுதி, தீர்ந்திருந்தால், அதே பெயரும் அதே எண்ணும் கொண்ட டைல்ஸ்கூட நிறத்தில் சற்று மாறி வரும்; பளபளப்பான தரையில் அந்த வேறுபாடு பகல் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும்.

கழிவுச் சதவீதம் என்பது பொதுவான அனுபவத்திலிருந்து வந்த சராசரி. இந்த அறையில் எவ்வளவு அகலத்தில் துண்டு விழுகிறது என்பது அதற்குத் தெரியாது. டைல்ஸ் பெரிதாகவும் அறை சிறிதாகவும் ஆக அந்தக் குறை பெருகுகிறது. மேலே கீழே என்று திசை உள்ள மார்பிள் கோடு டைல்ஸில், வெட்டிய மிச்சத்தைத் திருப்பிப் போட முடியாததால் இன்னும் பெருகும்.

மூலைவாட்டமாகப் பதிக்கும் தரைக்கு மட்டும் நான் மறுபேச்சின்றிச் சதுர அடி முறையைப் பரிந்துரைப்பேன். அங்கே நான்கு சுவரோரமும் முக்கோணத் துண்டுகளாக விழுவதால் கையால் எண்ணுவது குழப்பத்திலேயே முடியும். 15 சதவீதம் கூட்டிக்கொள்வது நல்லது. வீடு முழுவதற்கும் செலவை மதிப்பிடும் தொடக்கக் கட்டத்துக்கும் அந்த முறையே போதுமானது.

ஆர்டர் கொடுக்கும் நாளில், இரண்டு அடிக்கு மேற்பட்ட டைல்ஸ் என்றால், அறை அறையாக வரிசை எண்ணியே தீர வேண்டும். அதற்கான அளவைப் பூச்சு வேலை முடிந்த பிறகு, ஒவ்வொரு திசையிலும் இரண்டு கோடியிலும் நடுவிலும் எடுத்து, மூன்றில் பெரியதைக் கொள்ள வேண்டும். மூலைமட்டம் தவறிய அறையில் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் ஓர் அங்குலம் வேறுபட்டால்கூட, துண்டின் அகலம் மாறி, ஒரு டைல்ஸில் இரண்டு கிடைக்க வேண்டியது ஒன்றாகிவிடக்கூடும்.