கடல் இல்லாத ஊரிலிருந்து: ராயல் கரீபியன் கப்பல்களில் பல ஆண்டுகள்

பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் உல்லாசக் கப்பல் பயணம் பற்றிக் கேட்பவர்களுக்கு இரண்டு கவலைகள் உண்டு. "தலை சுற்றுமா அண்ணா? நமக்குச் சோறு கிடைக்குமா?" நாங்கள் போகும், சிங்கப்பூரை ஒட்டிய மலாக்கா நீரிணையில் கடல் பெரும்பாலும் அமைதியானது. போதாக்குறைக்கு, பெரிய உல்லாசக் கப்பல்களில் நீருக்கடியில் இரு பக்கமும் நீளும் தகடுகள் ஆட்டத்தைத் தணித்துவிடும். சோறும் கிடைக்கும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறையப் பேர் இருப்பதால் பருப்பு, சப்பாத்தி, காய்கறிக் குழம்பு எல்லாம் உண்டு. மாலை உணவுக்கூடத்தில் முதல் நாளே பரிமாறுபவரிடம் சைவம் என்று சொல்லிவிட்டால், மறுநாளிலிருந்து அவரே பார்த்துக்கொள்வார். அவர் மலையாளியாகவோ கோவாக்காரராகவோ இருந்துவிட்டால் இன்னும் நல்லது.

என் மகள் சிங்கப்பூரில் குடியேறிய பிறகு நானும் என் மனைவியும் ராயல் கரீபியன் என்ற உல்லாசக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்களில் போய்வரத் தொடங்கினோம். கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டினால் கோவை, அங்கிருந்து நேரடி விமானம், பிறகு சிங்கப்பூரின் மரினா பே கப்பல் முனையம். முதலில் மரைனர் ஆஃப் தி சீஸ், பின்னர் குவாண்டம் வகைக் கப்பல்கள். இத்தனை பயணங்களுக்குப் பிறகு என் கருத்து ஒன்றுதான்: இந்த நிறுவனத்தின் உண்மையான கண்டுபிடிப்பு சறுக்குமரமோ ரோபோவோ அல்ல, கப்பலின் நடுப்பகுதி.

பழைய பயணிகள் கப்பலில் நடுவில் இருப்பவை ஜன்னலற்ற அறைகளும் நீண்ட நடைபாதைகளும்தான். 1999-இல் வந்த வாயேஜர் ஆஃப் தி சீஸ் அந்த நடுப்பகுதியைத் திறந்துவிட்டது. நான்கு தளங்கள் உயரத்துக்கு ஒரு கடைத்தெரு, அதை எட்டிப் பார்க்கும் ஜன்னல்களோடு அறைகள். 1990-இல் பின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டப்பட்ட சில்யா செரினேட் என்ற பயணிகள் கப்பலில் இந்த அமைப்பு ஏற்கெனவே இருந்தது. சில்யா நிறுவனத்தில் பணியாற்றிய ஹாரி குலோவாரா பின்னர் ராயல் கரீபியனின் கப்பல் வடிவமைப்புக்குத் தலைமை ஏற்றார். வாயேஜரும் அதே துர்க்குவில் கட்டப்பட்டதே.

வாயேஜரின் சகோதரிக் கப்பலான மரைனரில் நாங்கள் எடுத்தது அப்படிப்பட்ட தெரு பார்த்த அறை. கட்டணம் கடல் பார்த்த அறையைவிடக் குறைவு. இரவு ஊர்வலம் நடக்கும்போது என் மனைவி கூட்டத்தில் இடிபடாமல் ஜன்னலோரம் அமர்ந்தபடியே பார்த்தாள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய சொகுசு எதுவும் இல்லை என்பேன்.

2009-இல் ஓயாசிஸ் ஆஃப் தி சீஸ் இன்னொரு படி மேலே போனது. மேற்கட்டுமானத்தையே இரண்டாகப் பிளந்து, இடையில் வானம் பார்த்த பூங்கா ஒன்றை உண்மையான மரஞ்செடிகளோடு வைத்தார்கள். இந்த நிறுவனத்துக்குக் கப்பலை வெட்டுவது புதிதல்ல. 1968-இல் மூன்று நார்வே கப்பல் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியது இது. 1970-இல் ஓடத் தொடங்கிய முதல் கப்பலான சாங் ஆஃப் நார்வேயை 1978-இல் குறுக்கே வெட்டி, நடுவில் 85 அடித் துண்டு ஒன்றைச் சேர்த்து நீட்டினார்கள்.

வளர்ச்சியின் வேகம் மலைக்க வைக்கிறது. 1990-இல் வந்த நார்டிக் எம்ப்ரஸ் சுமார் 48,500 டன். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன். இங்கே டன் என்பது எடையைக் குறிப்பதில்லை. கப்பலுக்குள் அடங்கும் இடத்தின் அளவு. அந்த இடம் ஐந்து மடங்காகியிருக்கிறது. ஐகான் இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. கரியமில வாயு குறையும் என்பது உண்மை. எரியாமல் கசியும் மீத்தேன் பூமியை இன்னும் கடுமையாகச் சூடாக்கும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குவாண்டம் வகை 2014-இல் வந்தது. கண்ணாடிக் கூண்டில் கடலுக்கு மேல் சுமார் 300 அடி தூக்கிச் செல்லும் நார்த் ஸ்டார் பேரன்களுக்குக் கொண்டாட்டம். மது கலக்கும் ரோபோக் கைகள் ஒருமுறை பார்க்கத்தக்கவை. உள்ளறைச் சுவரில் வெளிக் கேமராவின் காட்சியை நேரலையாகக் காட்டும் பெரிய திரைதான் எனக்குப் பிடித்தது. விடிந்துவிட்டதா என்று படுக்கையிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

புதுமைகள் எல்லாம் பலித்துவிடவில்லை. குவாண்டம் கப்பலில் பெரிய உணவுக்கூடத்தை ஒழித்து, பல உணவகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வேளைக்கும் முன்பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். பயணிகளிடம் எதிர்ப்பு வரவே கைவிட்டார்கள். அது நல்லதாயிற்று. தினமும் அதே மேசை, அதே பரிமாறுபவர் என்கிற பழைய ஏற்பாட்டில்தான் சைவக்காரர்களுக்கு நிம்மதி.

பாதுகாப்புப் பயிற்சி மாறியதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். முன்பெல்லாம் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடி, வெயிலில் நெருக்கியடித்து நிற்க வேண்டும். கொரோனா காலத்தில் அதை மாற்றினார்கள். செய்முறைக் காணொளியைக் கைப்பேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பார்த்துவிட்டு, நமக்குரிய கூடுமிடத்துக்கு வசதியான நேரத்தில் போய்ப் பதிவு செய்தால் போதும். விளம்பரத்தில் வராத இந்த மாற்றம் வயதானவர்களுக்குச் செய்த பேருதவி.

செலவு விஷயத்தில் கவனம் தேவை. எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றுக்கு ஒரு முகவர் "எல்லாம் அடக்கம்" என்று சொல்லி டிக்கெட் விற்றார். அறையும், பொது உணவுக்கூடங்களும், பெரும்பாலான நிகழ்ச்சிகளும் மட்டுமே கட்டணத்தில் அடங்கும். குளிர்பானம், மது, சிறப்பு உணவகங்கள், இணையம் ஆகியவற்றுக்குத் தனிக் காசு. பணியாளர்களுக்கான அன்பளிப்பும் நாள் கணக்கில் கூடும். இன்னொன்று, கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருவதால் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும்.

குறை என்று நான் நினைப்பது, கப்பல் வளர வளரக் கடல் தள்ளிப்போகிறது என்பதுதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு வளர்ந்த எனக்குக் கடல்தானே அதிசயம்? மரைனரின் நான்காம் தளத்தில், உயிர்காப்புப் படகுகளுக்குக் கீழே, தண்ணீரை ஒட்டி நடக்க ஒரு வெளிப்பாதை இருக்கிறது. காலையில் அங்கே ஆளே இருக்காது. பெரிய கப்பல்களின் மேல்தள நீச்சல் குளத்தில் அந்த நெருக்கம் இல்லை.

அதனால்தான் கொச்சியில் எம்ப்ரஸைப் பார்த்தபோது மகிழ்ந்தேன். மேலே சொன்ன அதே நார்டிக் எம்ப்ரஸ்தான். கைமாறி, 2021 முதல் கோர்டெலியா என்ற உல்லாசக் கப்பல் நிறுவனத்தின் பெயரில் மும்பை, கொச்சி, லட்சத்தீவு என்று ஓடியது. அறைகள் சிறியவை, பால்கனிகள் குறைவு, ஆனால் எங்கே நின்றாலும் கடல் கண்ணில் படும். முதல்முறை போகிறவர்களுக்கு இந்த அளவுக் கப்பலையே சொல்வேன். பேரன் பேத்திகளோடு போவதாக இருந்தால் குவாண்டம் வகை.

கொச்சித் துறைமுகத்துக்குக் குயீன் மேரி 2 போன்ற பெருங்கப்பல்களே வந்து போயிருக்கின்றன. 2021-இல் திறந்த சாகரிகா முனையமும் இருக்கிறது. வாயேஜர் அளவுக் கப்பல் ஒன்று பருவம் முழுவதும் அங்கிருந்தே ஓடினால், பாலக்காட்டிலிருந்து காலை ரயிலில் போய் மாலையில் கடலில் இருக்கலாம். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், நான்காம் தளத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையை அன்றைக்கே பதிவு செய்துவிடுவேன்.