உளுந்துச் சாம்பல் நோய்: வேப்பங்கொட்டையா, வேப்பெண்ணெயா, தைல இலையா?

டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நெல்லுக்குள் உளுந்தை விதைத்துவிடுவார்கள். அது மாசியில் பூவெடுக்கும். பகலில் வெயில், ராத்திரியில் பனி என்ற அந்தப் பருவம் சாம்பல் நோய்க்கும் தோதான பருவம். முதலில் அடி இலைகளில் கோலமாவு சிந்தினாற்போல் வெள்ளைப் பொட்டு தெரியும். கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், மாவு விரலோடு வந்துவிடும்.

அந்தத் தேய்ப்பில் ஒரு சங்கதி இருக்கிறது. இந்தப் பூஞ்சாணத்தின் உடம்பு இலைக்கு மேலேதான் கிடக்கிறது. உறிஞ்சுகிற உறுப்பை மட்டும் இலையின் மேல்தோலுக்குள் இறக்கிச் சாறு குடிக்கிறது. அதனால்தான் நாம் தெளிக்கிற தழைச்சாறு நேராக அதன்மேல் படுகிறது. நெல்லில் குலை நோய் வந்தபோது இதே சாற்றைத் தெளித்துவிட்டு, 'இயற்கை மருந்தெல்லாம் கேட்காது' என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். குலை நோய்ப் பூஞ்சாணம் இலைக்குள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்வது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சரி, உளுந்துக்கு வருவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சாம்பல் நோய்க்கு மூன்று தாவர மருந்துகளைச் சொல்கிறது: வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம், வேப்பெண்ணெய் 3 சதம், தைல மர இலைச் சாறு 10 சதம். நோய் தலைகாட்டியதும் ஒரு தெளிப்பு, பத்து நாள் விட்டு இன்னொன்று. படிக்கும்போது மூன்றில் எதை எடுத்தாலும் ஒன்றுதான் போலிருக்கும். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். கொட்டையை உடைத்து எடுத்த வேப்பம்பருப்பு 10 கிலோ, எண்ணெய் 6 லிட்டர், தைல இலை 20 கிலோ.

என் ஓட்டு வேப்பங்கொட்டைக்கு. ஆனி, ஆடியில் மரத்தடியில் பொறுக்கி, தோல் நீக்கி, நிழலில் காயவைத்த கொட்டைக்குக் கைக்காசு போகாது. மூன்று மாதத்துக்கு மேல், எட்டு மாதத்துக்குள் இருக்கிற பருப்புதான் வீரியம். ஆடியில் பொறுக்கியது மாசிக்கு ஏழாவது மாதம், மிகச் சரியாக வந்து நிற்கும். பருப்பை இடித்துத் துணியில் கட்டி ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் சாறு பால்போல் வரும்வரை பிழிய வேண்டும். இரண்டு முறை வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும். இன்னொரு லாபமும் உண்டு. உளுந்தில் மஞ்சள் தேமல் நோயைப் பரப்புகிற வெள்ளை ஈயையும் இந்தக் கசப்பு விரட்டும். அந்தக் கசப்புச் சத்து வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் சாயங்காலம் தெளிப்பதே நல்லது. வேலை அதிகம்தான், மறுக்கவில்லை. இடிக்க ஆள் இல்லாத வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அவர்களுக்கு வேப்பெண்ணெய். டின்னை உடைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்போம், நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்து லிட்டர் டேங்கில் 300 மில்லி எண்ணெயை ஊற்றி, மேலே கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு, குச்சியால் நாலு கலக்குக் கலக்கித் தெளித்தேன். முதல் வரிசையில் வெறும் தண்ணீர் போயிருக்கிறது, கடைசி வரிசையில் வெறும் எண்ணெய். நாலாம் நாள் அந்தக் கடைசி வரிசை மட்டும் வாணலியில் வாட்டியதுபோல் ஓரம் கருகி நின்றது. காதி சோப்புக் கரைசலில் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு அடித்து, வெள்ளை வெளேரென்று ஆன பிறகுதான் தண்ணீரில் சேர்க்க வேண்டும். மேலே எண்ணெய்த் திவலை மிதந்தால் இன்னும் அடிக்க வேண்டும். ஒழுங்காகக் கலந்தால் எண்ணெய் இலையில் மெல்லிய படலமாகப் படிந்து பூஞ்சாண வித்து முளைப்பதைத் தடுக்கும். ஆனால் ஆறு லிட்டர் எண்ணெயின் விலையை உளுந்தின் விலையோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தைல இலை, புதுக்கோட்டைப் பக்கம் தைலமரக் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு. தோல்போல் இருக்கிற அந்த இலையை 20 கிலோ அரைப்பது மிக்சி வேலை இல்லை, மாவு மில்லிலும் சேர்க்க மாட்டார்கள். மருந்தே அதன் வாசனை எண்ணெயில்தான் இருக்கிறது, அது பறந்துபோகிற சரக்கு. எனவே அரைத்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

பூண்டைப் பற்றியும் கேட்பார்கள். பல்லை நசுக்கும்போது உண்டாகிற அல்லிசின்தான் பூஞ்சாணத்தைக் கொல்வது. முழுப் பல்லைக் கொதிக்கவைத்து அரைத்தால் அதை உண்டாக்குகிற நொதி செத்துவிடும், வெறும் ரசவாசம் மிஞ்சும். பச்சையாக நசுக்கி, பத்து நிமிடம் விட்டு, உடனே பயன்படுத்தலாம். கொல்லைப்புறப் பாகற்கொடிக்குச் சரி, ஏக்கர் கணக்கில் தெளித்தால் கட்டுபடியாகாது.

இவை எல்லாமே பொட்டு பொட்டாகத் தெரிகிற நாளுக்குத்தான். இலை முழுக்க வெளுத்து, மாவு காயிலும் ஏறிவிட்டால் எந்தச் சாற்றையும் நம்பி நாளைக் கடத்த மாட்டேன். நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலக்கித் தெளிக்கிற கந்தகத் தூள், லிட்டருக்கு 3 கிராம். கனிமப் பொருள் என்பதால் இயற்கை வேளாண் விதிகளும் கட்டுப்பாட்டோடு இதை அனுமதிக்கின்றன. ஆனால் வெயில் 32 டிகிரியைத் தாண்டுகிற பங்குனி மத்தியானத்தில் அடித்தால் இலை பொசுங்கும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாத பயிரில் கந்தகத்தைத் தொடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை கருகிவிடும். முதல் தெளிப்புக்கு நான் கொட்டைச் சாற்றை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாற்றில் எண்ணெய் கொஞ்சம்தான், பத்து நாள் கழித்துக் கந்தகத்துக்கு மாற வேண்டி வந்தாலும் வழி அடைபடாது.