எழும்பூர் அருங்காட்சியகச் சுற்றுலா: ‘சிறப்பு அனுமதிக் கட்டணம்’ கேட்டால் கொடுக்காதீர்கள்

வேலூரிலிருந்து சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் சுற்றுலா அழைத்துச் செல்வதாகப் பணம் வசூலிக்கும் ஓர் ஏற்பாட்டாளரிடம், சத்துவாச்சாரியில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் ஏமாந்த விவரத்தை எழுதுகிறேன். பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. வசூலிக்கும் முறையை அறிந்தாலே ஆளை அடையாளம் காணலாம்.

ஆளுக்கு 1,400 ரூபாய் என்று பேசியவர், ‘வெண்கலக் கூடத்துக்கான சிறப்பு அனுமதிக் கட்டணம்’ என்று மேலும் 250 ரூபாய் வாங்கினார். அப்படியொரு கட்டணமே அங்கே கிடையாது. வாயிலில் வாங்கும் நுழைவுச் சீட்டிலேயே அந்தக் கூடமும் அடக்கம். ரசீது கேட்டதற்கு, “திரும்பி வந்ததும் மொத்தமாகப் போட்டுத் தருகிறேன் சார்” என்றார், இன்றுவரை தரவில்லை. முதலில் அவர் குறித்த நாளோ வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதை நாங்கள் சொல்லித்தான் நாளை மாற்றினார்.

காலையில் புறப்பட்ட வண்டியைத் தேநீருக்கு என்று காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, ஓட்டுநர் கதவைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். சேலை வாங்க வந்தவர்கள் எங்களில் ஒருவரும் இல்லை; ஆயினும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே காத்துக் கிடந்தோம். வழியில் சாப்பாட்டையும் முடித்து எழும்பூரை அடைந்தபோது மணி நான்கு. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். 1851-இல் தொடங்கப்பட்டு, இன்று ஆறு கட்டடங்களில் 46 காட்சிக்கூடங்களாக விரிந்திருக்கும் ஓர் இடத்துக்கு ஒரு மணி நேரம்! ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்களையும் ஆதிச்சநல்லூர் அகழாய்வுப் பொருள்களையும் குழந்தைகள் பார்க்கவே இல்லை.

உடன் வந்த ‘வழிகாட்டி’ செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெண்கலக் கூடத்து நடராசரைக் காட்டி, இது சிதம்பரத்திலிருந்து வந்தது, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது, அசல் லண்டனில் இருக்கிறது என்று ஒரே மூச்சில் மூன்று பொய்களைச் சொன்னார். அது சோழர் காலத்துத் திருமேனி, அசலேதான், கிடைத்த ஊர் திருவாலங்காடு. காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலேறினால் அரக்கோணம் தாண்டியதும் நாம் கடந்து போகும் அதே திருவாலங்காடு, நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் இரத்தின சபை, காரைக்கால் அம்மையாரின் தலம். சுற்றியிருக்க வேண்டிய தீச்சுடர் வளையமான திருவாசியும் விரிசடையும் இல்லாத நிலையிலும் அந்த உடலின் நிதானம் பார்ப்பவரைக் கட்டி நிறுத்துகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டே அதை வியந்து எழுதினார். நம் பக்கத்து ஊர்ச் சாமியை நம் பிள்ளைகளிடமே போலி என்று சொல்வதற்குக் கூலி வாங்கியிருக்கிறார் அந்த மனிதர். திருவெண்காட்டு அர்த்தநாரியையும் நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்களையும் காட்டும்படி கேட்டதற்கு, “எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், வாங்க” என்று வெளியே கூட்டி வந்துவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சிறப்புக் கட்டணம் முழுவதும் ‘உள்ளே கொடுத்தாயிற்று’ என்று ஏற்பாட்டாளர் பதில் சொன்னார். அருங்காட்சியக ஊழியர்கள் எங்களிடம் எதையும் கேட்கவில்லை, மரியாதையாகவே நடந்துகொண்டார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறோம்.

போக விரும்புவோர் காட்பாடியில் ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து எழும்பூர் கூப்பிடு தூரம்தான். காலை 9.30 மணிக்குத் திறக்கிறார்கள். பகல் முழுவதும் உங்களுடையது. அந்த ஏற்பாட்டாளர் இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கு ஆள் சேர்க்கிறார். எங்கள் தெருவுக்கு வந்த துண்டறிக்கையின் கடைசி வரியிலும் ‘சிறப்பு அனுமதிக் கட்டணம் தனி’ என்றே அச்சிட்டிருக்கிறது.