“போனைக் கொஞ்சம் கொடுங்க அக்கா” என்று கேட்டால் கொடுக்காதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு பிளவுஸ் தைக்கும் கடை இருக்கிறது. சின்ன இடம்தான். மூன்று மெஷின், ஆரி வேலைக்கு ஒரு ஸ்டாண்டு, நானும் இரண்டு பெண்களும். எம்.சி. ரோட்டில் கல்யாணப் புடவை எடுப்பவர்கள் கையோடு பிளவுஸ் துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 2021ல் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்தபின், திருவொற்றியூர், காலடிப்பேட்டைப் பக்கத்துப் பெண்களும் சர் தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் இறங்கி, கூகுள் மேப்பைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்வார்கள். அந்த மேப்பில் எங்கள் கடையை என் மகன் 2019ல் காசில்லாமல் போட்டுக் கொடுத்தான். 63 பேர் ரிவ்யூ எழுதியிருந்தார்கள். கல்யாணப் பெண்கள் தாங்களே போட்டோ எடுத்துப் போட்டிருந்தார்கள். எங்கள் கடைக்கு விளம்பரம் என்றால் அது ஒன்றுதான்.

போன ஆடி மாதம் இரண்டு பையன்கள் கடைக்கு வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். “மாசம் ஆயிரம், ரெண்டாயிரம் செலவுல ஆன்லைன் மார்க்கெட்டிங் அக்கா, ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவியும்” என்றார்கள். மூன்று மாதத்துக்கு 4,999 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 5,899. ஆடியில் எங்களுக்கு வேலை குறைவு. கேட்க நன்றாக இருந்தது. கொடுத்தேன்.

எங்கே ஏமாந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பணம் போனதைவிட அதுதான் பெரிய விஷயம்.

“மேப்ல எங்களை மேனேஜரா சேர்க்கணும், போனைக் கொஞ்சம் கொடுங்க அக்கா” என்று பெரியவன் கேட்டான். நான் ஊசியில் மணி கோத்துக்கொண்டிருந்தேன், போனைத் திறந்து நீட்டிவிட்டேன். அவன் சேர்த்தது மேனேஜராக இல்லை, ஓனராக. ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்தான். “சின்ன அப்டேட் அக்கா” என்று மறுபடி போனை வாங்கினான். எதற்கு இரண்டாவது தடவை வந்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. கூகுளில் புதிதாக ஓனராகச் சேர்ந்தவரை ஏழு நாள் கழியாமல் ப்ரைமரி ஓனர், அதாவது முதன்மை உரிமையாளர், ஆக்க முடியாது. அந்த ஏழு நாள் முடியக் காத்திருந்திருக்கிறான். அன்றைக்கு என் கையாலேயே திறந்து கொடுத்த போனில் கடையைத் தங்கள் ஈமெயிலுக்கு மாற்றிக்கொண்டான். அப்புறம் என்னை நீக்கிவிட்டார்கள்.

அடுத்த பதினைந்து நாளில் ஐந்து ஸ்டார் ரிவ்யூ நாற்பது வந்து விழுந்தது. எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் தெரியாத பெயர்கள். ஒருவர் ஆண்களுக்கான சூட் அருமையாகத் தைக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். நாங்கள் பிளவுஸ் தவிர வேறெதுவும் தைப்பதில்லை. ராயபுரத்திலிருந்து பத்து வருடமாக வரும் ஒரு அம்மா போன் செய்து, “ஏம்மா, உனக்கு எதுக்கு இந்தப் பொய்?” என்று கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. சீக்கிரமே கூகுள் அவற்றை நீக்கிவிட்டது. கூடவே, கொஞ்ச காலத்துக்கு யாருமே புது ரிவ்யூ போட முடியாமல் செய்தும் வைத்தது. உண்மையான கஸ்டமர் எழுத வந்தாலும் எழுத முடியவில்லை.

மேப்பில் இருந்த போன் நம்பரும் என்னுடையது இல்லை என்பதை ஆவணியில்தான் கண்டுபிடித்தேன். “லீடை வடிகட்டி அனுப்புறோம் அக்கா” என்று சமாதானம் சொன்னார்கள். லீட் என்றால் விசாரிக்கக் கூப்பிடும் கஸ்டமர். என் கடையைத் தேடி வந்த அழைப்பையே எனக்கு விற்றிருக்கிறார்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கென்று தனியாக இரண்டு தடவை 6,000 வாங்கினார்கள். இரண்டு லட்சம் பேர் பார்த்ததாக ஸ்கிரீன்ஷாட் வந்தது. விளம்பரக் கணக்கு அவர்களுடையது, எனக்கு உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. போன் வந்தது உண்மைதான், ஆனால் கோயம்புத்தூரிலிருந்தும் பாட்னாவிலிருந்தும். அளவெடுக்க ஆள் நேரில் வரவேண்டிய தொழிலுக்கு இது எதற்கு? ஒருநாள், “விளம்பரம் இப்ப ஓடிக்கிட்டிருக்கு” என்று அவர்கள் சொன்ன அதே நேரத்தில், கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் மெட்டாவின் ஆட் லைப்ரரியைத் திறந்து எங்கள் பக்கத்தின் பெயரைப் போட்டுத் தேடினாள். எந்தப் பக்கத்துக்கு எந்த விளம்பரம் ஓடுகிறது என்று யார் வேண்டுமானாலும் காசில்லாமல் அதில் பார்க்கலாம். எங்கள் பெயரில் ஒன்றுகூட இல்லை.

அவள்தான் பில்லையும் கையில் எடுத்தாள். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம் இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் பதிந்தது என்றால் 33ல் தொடங்கும். அவர்கள் பில்லில் எண்ணிப் பார்த்தால் 14தான். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பணம் கொடுக்கும் முன் நான் அதைச் செய்திருக்க வேண்டும்.

எம்எஸ்எம்இ (சிறு தொழில்) சான்றிதழ் என்று தனியாக 1,500 வாங்கினார்களே, அந்த உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் நாமே செய்துகொள்ளலாம். ஆக மொத்தம் 19,399 ரூபாய். எனக்கு இது இரண்டு மாதக் கடை வாடகை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “நீங்க பிசினஸ் பண்றவங்க, கன்ஸ்யூமர் கிடையாது, எங்க வேணாலும் போங்க” என்று பதில் வந்தது. இதைக் கேட்டுப் பயந்து விட்டுவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துபவர் அதற்காக வாங்கும் பொருளுக்கு விலக்கு இருக்கிறது. இந்த மாதிரி சேவைக்கும் அது பொருந்துமா என்பதை ஆணையம்தான் சொல்ல வேண்டும், அவர்கள் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அது தீராவிட்டால் வட சென்னை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. பில், வாட்ஸ்அப் பேச்சு, யுபிஐ ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கோபத்தில் வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள்.

கடையை மேப்பில் மீட்டதுதான் பெரும்பாடு. உரிமை கேட்டு விண்ணப்பித்தோம், அவர்கள் மறுத்தார்கள். மேல்முறையீடு செய்தோம். கடைப் போர்டு, கரண்ட் பில், உத்யம் சான்றிதழ் எல்லாம் கொடுத்தபின், வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது கூகுள். தெருமுனையிலிருந்து நடந்து வந்து, போர்டைக் காட்டி, கடை நம்முடையதுதான் என்று தெரிகிற மாதிரி எதையாவது செய்து காட்ட வேண்டும். காலை எட்டு மணிக்கு அண்ணன் மகள் போனைப் பிடிக்க, நான் பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினேன். பதினாறு வருடமாகத் தினமும் தூக்கும் ஷட்டர், அன்று கை நடுங்கியது. கார்த்திகையில் கடை திரும்பக் கிடைத்தது. ஆவணி, ஐப்பசி முகூர்த்தம் இரண்டும் போனது போனதுதான்.

இப்போது விளம்பரம் நாங்களே போடுகிறோம். வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம், அதில் கேட்டலாக்கில் டிசைன் போட்டோவும் விலையும் போட்டிருக்கிறேன். தை மாதத்துக்கு முன், கடையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் மட்டும் குறித்து, நாளுக்கு 200 வீதம் ஐந்து நாள் இன்ஸ்டாவில் விட்டோம். வரியோடு 1,180 ரூபாய். பதினொரு பேர் விசாரித்தார்கள், நாலு பேர் துணியோடு வந்தார்கள். குறைந்த செலவில் ஆன்லைன் விளம்பரம் என்பது பொய்யில்லை. ஆளை வைத்துச் செய்தாலும் தவறில்லை, நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மேப், பேஜ், விளம்பரக் கணக்கு எல்லாம் உங்கள் ஈமெயிலில், உங்கள் நம்பரில் இருக்கட்டும். அவர்களை மேனேஜராக மட்டும், உங்கள் கையால், உங்கள் போனில் சேருங்கள். ஓடிபியைப் படித்துக் காட்டாதீர்கள்.

போன வாரம் ஜி.ஏ. ரோட்டில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் தோழி போன் செய்தாள். இரண்டு பையன்கள் டேப்லெட்டோடு வந்தார்களாம், 4,999 என்றார்களாம். “போனைக் கையில கொடுத்தியா?” என்று கேட்டேன். “நேத்துதான் கொடுத்தேன்” என்றாள். தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு நானும் அண்ணன் மகளும் ஓடினோம். ஏழு நாளில் ஒன்றுதான் போயிருந்தது. அவள்தான் இன்னும் ப்ரைமரி ஓனர். அவர்கள் ஈமெயிலை நீக்கி, ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத்தான் கடைக்குத் திரும்பினோம்.