கான்ஸ்டபிளா, எஸ்.ஐ.யா? பொலிஸில் சேர நினைக்கும் கொழும்புப் பிள்ளைகளுக்கு

அரசாங்க அறிவித்தல்கள் வரும் வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும். அதில் பொலிஸ் ஆட்சேர்ப்பு அறிவித்தல் இருந்தால் சனிக்கிழமை காலையிலேயே என் கடை வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள். கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி எடுப்பது, விண்ணப்பம் டைப் பண்ணுவது, சிங்களக் கடிதங்களை வாசித்துச் சொல்வது, இவைதான் தொழில். வருகிறவர்கள் கேட்கும் கேள்வி வருசம் மாறினாலும் மாறுவதில்லை. "அண்ணா, கான்ஸ்டபிளுக்குப் போடுறதா, எஸ்.ஐ.க்குப் போடுறதா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "கொழும்பு பொலிஸ்" என்று தனியாக ஒன்று இல்லை. 1865ஆம் ஆண்டு 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குவது நாடு முழுமைக்குமான ஒரே திணைக்களம். கொழும்பு வடக்கு, மத்தி, தெற்கு என்பதெல்லாம் அதற்குள் உள்ள பிரிவுகள். வீட்டிலிருந்து நடந்து போய் கொட்டாஞ்சேனை நிலையத்திலோ வெள்ளவத்தை நிலையத்திலோ வேலை பார்க்கலாம் என்ற நினைப்பில் யாரும் விண்ணப்பிக்க வேண்டாம். தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு வடக்கு, கிழக்கு, மலையகம் என்று எல்லாப் பக்கமும் தேவை இருக்கிறது. வவுனியாவுக்கோ நுவரெலியாவுக்கோ போடுவார்கள் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். இதில் கான்ஸ்டபிளுக்கும் எஸ்.ஐ.க்கும் வித்தியாசம் கிடையாது.

சரி, வித்தியாசம் எங்கே? நுழையும் கதவில். கான்ஸ்டபிளுக்கு ஓ.எல், அதாவது சாதாரண தரச் சித்தி போதும். உப பொலிஸ் பரிசோதகர், அதாவது எஸ்.ஐ., ஆவதற்கு ஏ.எல், அதாவது உயர்தரம் வேண்டும். வயது, உயரம், மார்பளவு எல்லாம் ஒவ்வொரு அறிவித்தலிலும் பதவிவாரியாகப் போடப்பட்டிருக்கும். பழைய வர்த்தமானியைப் பார்த்து நம்பிவிடாமல் புதிதாக வந்ததையே பாருங்கள். எழுத்துப் பரீட்சை, உடற்தகுதி, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, பின்னணி விசாரணை என்ற வரிசை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வெற்றிடங்களின் எண்ணிக்கையில்தான் பெரிய இடைவெளி. கான்ஸ்டபிள்களை ஆயிரக்கணக்கில் எடுப்பார்கள், எஸ்.ஐ.க்களை அதில் ஒரு சிறு பங்குதான் எடுப்பார்கள்.

அப்புறம் ஏணி. கான்ஸ்டபிளாகச் சேர்ந்தால் அடுத்தது சார்ஜன்ட், அதற்கு அடுத்தது சார்ஜன்ட் மேஜர், அதையும் தாண்டினால்தான் எஸ்.ஐ. கான்ஸ்டபிளாகப் போய் சார்ஜன்டாக ஓய்வு பெற்றவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இடையில் திணைக்களத்துக்குள் நடக்கும் மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை எழுதி மேலே போக வழி உண்டு, ஆனால் இரவுக் கடமை முடித்துவிட்டு வந்து படிக்கிற மனவலிமை எல்லோருக்கும் வராது. எஸ்.ஐ.யாகச் சேர்ந்தவர் ஏணியின் நடுப்படியில் தொடங்குகிறார். பரிசோதகர், பிரதான பரிசோதகர், அதற்கு மேல் உதவி பொலிஸ் அத்தியட்சகர் என்று கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் படிகள் இருக்கும். தமிழனுக்கு மேலே இடம் உண்டா என்று சில அப்பாமார் கேட்பார்கள். 1982 முதல் 1985 வரை பொலிஸின் தலைமைப் பதவியான பொலிஸ் மா அதிபராக இருந்த ருத்ரா ராஜசிங்கம் தமிழர்தான். அதை இன்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

இவ்வளவையும் கேட்டால் எஸ்.ஐ.தான் என்று முடிவெடுக்கத் தோன்றும். வீடுகளிலும் அப்படித்தான். "ஏ.எல் மூன்று பாடமும் பாஸ் பண்ணிப்போட்டு கான்ஸ்டபிளா போறதா? சொந்தக்காரருக்கு என்னத்தைச் சொல்றது?" என்று ஒரு அம்மா என் கடையிலேயே மகனின் கையிலிருந்த படிவத்தைப் பறித்துக் கிழித்ததைப் பார்த்திருக்கிறேன். மட்டக்குளிப் பிள்ளை அவன். எஸ்.ஐ. அறிவித்தலுக்காகக் காத்திருந்தான். வந்தது, போட்டான், நேர்முகத்தோடு நின்றுவிட்டது. அடுத்தது வருவதற்குள் வயது எல்லை தாண்டிவிட்டது. இப்போது புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். நல்ல பிள்ளை, நன்றாக வேலை செய்கிறான். ஆனாலும் பொலிஸ் ஜீப் ஒன்று கடந்து போனால் அவன் கண் அதன் பின்னாலேயே போகும்.

வேலையின் தன்மையைத்தான் நான் விரிவாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அதை யாரும் ஒப்பிடுவதில்லை. நிலையத்துக்குள் நுழைந்ததும் முதலில் தெரியும் மேசையில் பெரிய புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர் அநேகமாகக் கான்ஸ்டபிள் அல்லது சார்ஜன்ட். முறைப்பாடு செய்ய சனங்கள் "என்ட்ரி போடப் போறன்" என்று சொல்லிக்கொண்டு போவது அந்த மேசைக்குத்தான். வீதி ரோந்து, போக்குவரத்துக் கடமை, அழைப்பாணை கொண்டுபோய்க் கொடுப்பது, சந்தேகநபரைப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவது எல்லாம் கான்ஸ்டபிளின் கால்களில்தான் ஓடுகின்றன. எஸ்.ஐ. ஒரு பிரிவைப் பொறுப்பெடுப்பார், விசாரணையை நடத்துவார், யாரை எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பார். ஒருவர் கேட்டு எழுதுகிறார், மற்றவர் வாசித்து முடிவெடுக்கிறார்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர், பொலிஸ் முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றைக் கொப்பி எடுக்கக் கொண்டு வந்தார். கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அவருடைய தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலரைப் பவுண். கொடியில் தாலியோடு இரண்டு காசும் ஒரு குண்டுமணியும் கோத்திருந்தது, ஒரு கொக்கி முன்பே உடைந்து ஒட்டப்பட்டது என்று எல்லாவற்றையும் அவர் அந்த மேசையில் தமிழில் சொல்லியிருக்கிறார். நான் பிரதியை வாசித்தேன். "ரன் மாலயக்" என்று சிங்களத்தில் இரண்டே சொல். ஒரு தங்க மாலை. காசும் இல்லை, குண்டுமணியும் இல்லை, ஒட்டிய கொக்கியும் இல்லை. கீழே அக்காவின் கையெழுத்து, அழகான தமிழில். அவர் சொன்னது எழுதப்படவில்லை என்பதை அவர் என் கடையில் நின்றுதான் தெரிந்துகொண்டார். நாளைக்கு எங்காவது ஒரு அடகுக் கடையில் ஒரு கொடி பிடிபட்டால், அது தன்னுடையது என்று எதை வைத்துச் சொல்வார்?

எழுதிய அந்தச் சிங்களத் தம்பி கெட்டவர் இல்லை. விளங்கியதை எழுதியிருக்கிறார். ஆனால் சட்டம் கேட்பது வேறு. 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, வாய்மூலம் சொல்லப்படும் தகவலைச் சொன்னவரின் மொழியிலேயே எழுத வேண்டும், எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத முடியாவிட்டால் அவரையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். அவராலும் முடியாது என்றால், காரணத்தைக் குறித்துவிட்டு ஒரு தேசிய மொழியில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் விளக்க வேண்டும். போருக்குப் பிறகு அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011இல் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இரு மொழி தெரிந்த உத்தியோகத்தர்கள் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த மேசைக்கு வேண்டியது நட்சத்திரம் வைத்த தோள் இல்லை. குண்டுமணி என்றால் என்னவென்று தெரிந்த ஒரு கை.

அதனால் ஏ.எல் முடித்த பிள்ளை கான்ஸ்டபிளாகப் போவதில் எந்த அவமானமும் இல்லை என்று நான் எந்த அம்மாவிடமும் சொல்வேன். அதே சமயம் கான்ஸ்டபிள் தமிழில் அழகாக எழுதி வைத்தாலும், அதை வாசித்து விசாரணையை நகர்த்த வேண்டியவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பு வரும்வரை அது கிடப்பில் கிடக்கும். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு எஸ்.ஐ. இருந்தால் அன்றைக்கே வேலை நடக்கும். தேவை இரண்டு இடத்திலும் இருக்கிறது, முதல் தேவை அந்த மேசையில்.

சம்பளத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டம் கட்டமாக உயர்த்தப்பட்டது. எஸ்.ஐ.யின் தொடக்கச் சம்பளம் கான்ஸ்டபிளைவிடக் கூடுதல்தான். பதவி உயர்வோடு இடைவெளி இன்னும் அகலும். ஓய்வூதியம் இரண்டிலும் உண்டு. நாரஹேன்பிட்டியில் பொலிஸ் வைத்தியசாலை இருக்கிறது, அதுவும் இருவருக்கும் பொது.

லீவு விஷயத்தில் கான்ஸ்டபிளுக்குத்தான் கஷ்டம் அதிகம். தீபாவளிக்கு வீட்டில் பலகாரம் சுடும்போது நீங்கள் செட்டியார் தெருவில் சனத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்பீர்கள். ஜூன் 13, கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவும் அப்படித்தான். எஸ்.ஐ.யும் அங்கே நிற்பார், ஆனால் நாள் முழுக்க ஒரே சந்தியில் நிற்க வேண்டிவராது.

பெண் பிள்ளைகள் இப்போது கூடுதலாக வருகிறார்கள், எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். இலங்கைப் பொலிஸில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1952இல். முதல் பெண் பிரதி பொலிஸ் மா அதிபராக பிம்ஷானி ஜாசிங்ஆராச்சி நியமிக்கப்பட்டது 2020இல். அடி வாங்கிய ஒரு பெண் இரவில் நிலையத்துக்கு வந்து தமிழில் பேசும்போது எதிரே தமிழ் தெரிந்த ஒரு பெண் கான்ஸ்டபிள் இருந்தால் அவர் சொல்லப்போவது முழுவதும் வேறாக இருக்கும். தங்கைமாருக்கு நான் தயங்காமல் சொல்வது, எது முதலில் வருகிறதோ அதற்குப் போங்கள் என்பதுதான்.

கான்ஸ்டபிள் சாரதி, விசேட அதிரடிப்படை என்று வேறு வழிகளும் உண்டு. அதிரடிப்படை பொலிஸின் ஒரு பகுதிதான் என்றாலும் அந்த வாழ்க்கை வேறு, பயிற்சியும் வேறு. இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

என் தீர்ப்பு இது. ஓ.எல்.லோடு நிற்கிறவர்களுக்குக் கேள்வியே இல்லை, கான்ஸ்டபிள்தான். ஏ.எல் இருக்கிறதா? இரண்டுக்கும் போடுங்கள். வீட்டில் உழைக்க வேறு ஆள் இருந்து, வயதும் பத்தொன்பது இருபதுதான் என்றால் எஸ்.ஐ.க்கு ஒரு தடவை காத்திருக்கலாம். இரண்டாவது தடவை வேண்டாம். கான்ஸ்டபிள் கடிதம் முதலில் வந்தால் பெட்டியைக் கட்டுங்கள், எஸ்.ஐ. பரீட்சையை உள்ளே இருந்து எழுதலாம்.

எதற்குப் போட்டாலும் ஒரு வேலை இப்போதே தொடங்க வேண்டும். கொழும்புப் பிள்ளைகளில் அநேகம் பேர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள், எழுதச் சொன்னால் திணறுவார்கள். தமிழிலும் சிலருக்கு அதே கதி. நேர்முகத்திலும் தெரிந்துவிடும், அந்த மேசையில் உட்கார்ந்த முதல் நாளிலும் தெரிந்துவிடும். ஒரே சம்பவத்தை இரண்டு மொழியிலும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். எத்தனை மணி, எந்தச் சந்தி, என்ன நிறம், எத்தனை பவுண் என்று எல்லாம் வர வேண்டும். என் கடையில் ஏழு மணிக்குப் பிறகு கூட்டம் குறைவு, பின்பக்கத்து மேசை சும்மாதான் கிடக்கிறது. வருகிறவர்கள் ஒரு கொப்பி மட்டும் கொண்டு வாருங்கள், திருத்தித் தருகிறேன்.