மூடுபனியில் மியூட்டூ: டைரனிட்டாரா, ஹைட்ரைகனா, கெங்கரா, ஷாண்டலூரா?

ஊட்டியிலும் குன்னூரிலும் போகிமான் கோ என்ற செல்போன் விளையாட்டை ஆடுகிறவர்களுக்குச் சமவெளியில் எளிதில் வாய்க்காத ஒரு துணை உண்டு: மூடுபனி. விளையாட்டின் வானிலைக் குறி மூடுபனியைக் காட்டும்போது டார்க், கோஸ்ட் வகைத் தாக்குதல்கள் 20 சதவீதம் கூடுதலாக அடிக்கும். பலர் சேர்ந்து ஒரு பெரிய போகிமானை வீழ்த்தும் ரெய்டில் எதிரில் நிற்கும் மியூட்டூ சைக்கிக் வகை. அதன் எதிரே டார்க் வகையான டைரனிட்டார், ஹைட்ரைகனையா, கோஸ்ட் வகையான கெங்கர், ஷாண்டலூரையா இறக்குவது என்பதே கேள்வி. மியூட்டூவுக்கு ஆகாத மூன்று வகைகளில் இரண்டு டார்க்கும் கோஸ்ட்டும்தான், இரண்டுமே 1.6 மடங்கு அடி தரும். மூன்றாவதான பூச்சி வகைக்கு மழை வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே தெரியும் பனியை நம்பிக் கிளம்ப வேண்டாம். தொட்டபெட்டா கண்ணுக்கே தெரியாத நேரத்திலும் விளையாட்டு ‘மேகமூட்டம்’ என்று காட்டலாம். மணிக்கு ஒருமுறை மாறும் அந்தக் குறிதான் கணக்கு. மேகமூட்டம் டார்க்குக்கும் கோஸ்ட்டுக்கும் எதுவும் தராது. ஃபைட்டிங், விஷம், ஃபேரி வகைகளுக்குத்தான் பலம் தரும், ஃபைட்டிங் பலம் மியூட்டூவுக்குச் சாதகமாகப் போவதைக் கீழே பார்க்கலாம்.

டார்க்குக்கும் கோஸ்ட்டுக்கும் பனி ஒரே அளவு பலத்தைத்தான் தருகிறது. ஆகவே டீமைத் தீர்மானிக்க வேண்டியது வானிலை அல்ல, எதிரில் நிற்கும் மியூட்டூவிடம் உள்ள சார்ஜ் அட்டாக், அதாவது சக்தி சேர்ந்ததும் விடும் பெரிய தாக்குதல். சைக்கிக், ஃபோகஸ் பிளாஸ்ட், ஐஸ் பீம், தண்டர்போல்ட், ஃபிளேம்த்ரோவர் ஆகியவற்றில் ஒன்று இருக்கும். கீழே உள்ள எண்கள் லெவல் 40, முழு ஐவி (பிறவித் திறன் எண்) உள்ள போகிமானுக்கு, வானிலைப் பலம் சேர்க்காமல் போட்ட தோராயக் கணக்கு.

சைக்கிக் வைத்திருக்கும் மியூட்டூ என்றால் யோசிக்கவே வேண்டாம், டார்க் டீம்தான். டைரனிட்டாரின் ஹெச்பி (உயிர் அளவு) 189. சைக்கிக் ஒருமுறை விழுந்தால் குறைவது 30 மட்டுமே. ஹைட்ரைகனுக்கு 178-இல் 33. ஷாண்டலூருக்கு 134-இல் 86 போய்விடும், இரண்டாவது அடியைத் தாங்காது. விஷ வகையும் சேர்ந்த கெங்கருக்கு அதே 134 ஹெச்பிதான், விழும் அடியோ 165-க்கு மேல். ஒரே அடியில் முடிந்துவிடும். சார்ஜ் அட்டாக் வரை கூடப் போக வேண்டியதில்லை. கன்ஃபியூஷன் என்ற ஃபாஸ்ட் அட்டாக்கே (அடுத்தடுத்து விடும் சிறு தாக்குதல்) நான்கு முறை பட்டால் கெங்கர் படுத்துவிடும். அதே கன்ஃபியூஷனில் டைரனிட்டார் இழப்பது முறைக்கு ஏழு.

ஃபோகஸ் பிளாஸ்ட் வந்தால் எல்லாம் தலைகீழ். டைரனிட்டார் பாறையும் டார்க்கும் சேர்ந்தது. இரண்டுமே ஃபைட்டிங்குக்கு ஆகாது, அடி 2.56 மடங்காகி 250-ஐத் தாண்டும். லெவல் 50-க்கு ஏற்றினாலும் தப்பாது. மெகா டைரனிட்டார்கூட (தற்காலிகமாகப் பலம் கூடிய வடிவம்) நூலிழையில் விழுந்துவிடும். ஹைட்ரைகனுக்கு 174 அளவில் அடி, ஹெச்பி 178. முழு ஹெச்பியோடு இருந்தால் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேகமூட்டக் குறி இருந்தால் அடி 208 ஆகிவிடும், அந்த வாய்ப்பும் போச்சு. இங்கே நிற்கக்கூடியது ஷாண்டலூர். ஃபோகஸ் பிளாஸ்ட் அதற்கு 44 அளவில்தான் உறைக்கும். அடிப்படைத் தாக்கு எண்ணும் இந்த நான்கில் இதற்குத்தான் அதிகம்: ஷாண்டலூர் 271, கெங்கர் 261, ஹைட்ரைகன் 256, டைரனிட்டார் 251.

மற்ற மூன்றைச் சட்டென்று முடிக்கலாம். ஃபிளேம்த்ரோவர், தண்டர்போல்ட் இரண்டையும் ஹைட்ரைகன் அலட்சியமாகத் தாங்கும். ஐஸ் பீம் என்றால் ஹைட்ரைகனை வெளியே வைத்துவிட்டு டைரனிட்டாரை நிறுத்துங்கள்.

சார்ஜ் அட்டாக் என்னவென்று லாபியில், அதாவது ரெய்டுக்கு முன் காத்திருக்கும் திரையில், தெரியாது. மியூட்டூ முதல்முறை அதை விடும்போது திரையில் பெயர் வரும். அதனால் டார்க் ஆறு, ஷாண்டலூர் முன்னிற்கும் கோஸ்ட் ஆறு என்று இரண்டு பேட்டில் பார்ட்டிகளை முன்கூட்டியே சேமித்து, பெயரும் வைத்துக்கொள்ளுங்கள். டார்க் டீமோடு நுழையுங்கள். ஃபோகஸ் பிளாஸ்ட் என்று தெரிந்தால் வெளியேறி, இரண்டாவது டீமோடு திரும்ப நுழையலாம். அதே ரெய்டுக்கு இன்னொரு நுழைவு பாஸ் செலவாகாது. விளையாட்டு தானாகப் பரிந்துரைக்கும் டீமை மட்டும் எடுக்காதீர்கள். அடி வாங்கி நிற்பதற்குத் தோதானவற்றை அது அடிக்கடி முன்னால் தள்ளிவிடுகிறது. 300 விநாடியில் 15,000 ஹெச்பியைக் கரைக்க வேண்டிய இடத்தில் அது உதவாது.

அட்டாக் சரிபார்ப்பில்தான் பலரும் சறுக்குகிறார்கள். டைரனிட்டாருக்கு இங்கே வேண்டியது பைட் உடன் க்ரன்ச் அல்லது புரூட்டல் ஸ்விங். 2018 ஜூன் கம்யூனிட்டி டேயில் வந்த ஸ்மேக் டவுன் பாறைத் தாக்குதல், மியூட்டூவிடம் சாதாரண அடிதான். அதற்காக அந்த டைரனிட்டாரின் மேல் தாக்குதலை மாற்றும் சாதாரண ஃபாஸ்ட் டிஎம் போட்டுவிடாதீர்கள், ஸ்மேக் டவுன் கைவிட்டுப் போகும். இன்னொரு டைரனிட்டாரை வளர்ப்பதே நல்லது. ஹைட்ரைகனுக்குப் பைட், புரூட்டல் ஸ்விங். புரூட்டல் ஸ்விங் இல்லாத ஹைட்ரைகன் ஒரு படி கீழேதான். ஷாண்டலூருக்கு ஹெக்ஸ், ஷேடோ பால். ஃபயர் ஸ்பின்னோடு இருந்தால் பாதி அடி வீண்.

மலையில் எது எளிதாகச் சேரும் என்பதும் முக்கியம். வானிலைப் பலத்தோடு பிடிக்கும் போகிமான் லெவல் 35 வரை கிடைக்கும், பவர் அப் செய்யச் செலவாகும் ஸ்டார்டஸ்ட்டும் 25 சதவீதம் கூடுதல். கெங்கரின் முதல் வடிவமான கேஸ்ட்லிக்கு மூடுபனி, மேகமூட்டம் இரண்டுமே பலம் தருவதால் நீலகிரியில் இதுவே கைக்கு எட்டும். போதாததற்கு, அதன் அடுத்த வடிவமான ஹாண்டரை நண்பரோடு மாற்றிக்கொண்டால் கெங்கராக்க, வழக்கமாக அதற்குச் செலவாகும் கேண்டியே வேண்டாம். ஹைட்ரைகனாகும் டீனோவுக்கு மூடுபனி அல்லது காற்று. ஷாண்டலூராகும் லிட்விக்குக்கு மூடுபனி அல்லது வெயில், ஆனால் கடைசிப் படிக்கு 100 கேண்டியோடு யுனோவா ஸ்டோனும் கேட்கும். டைரனிட்டாராகும் லார்விட்டாருக்கு மூடுபனியில் பலமே இல்லை. அதற்கு வெயில் அல்லது பகுதி மேகம் வேண்டும், மேட்டுப்பாளையம் இறங்கும் நாளில் தேடுங்கள். கொடைக்கானல்காரர்களுக்கு வத்தலக்குண்டு பக்கம்.

இருக்கும் ஸ்டார்டஸ்ட்டை எங்கே போடுவது? லெவல் 20-இலிருந்து 30 வரை ஒரு போகிமானுக்கு 75,000 ஸ்டார்டஸ்ட்டும் 66 கேண்டியும் ஆகும், பலம் 22 சதவீதத்துக்கு மேல் ஏறும். 30-இலிருந்து 40 வரை 1,50,000 ஸ்டார்டஸ்ட்டும் 182 கேண்டியும் கரையும், ஏறுவது 8 சதவீதம். அதாவது 4,50,000 ஸ்டார்டஸ்ட் கையில் இருந்தால் ஆறு பேரை லெவல் 30-க்கு ஏற்றலாம், அல்லது இரண்டே பேரை 40-க்கு. புதிதாக டீம் கட்டுகிறவர்கள் ஆறு பேரையே ஏற்ற வேண்டும். இரண்டு பேர் விழுந்த பிறகு மீதி நான்கும் சோப்ளாங்கியாக நின்றால் அந்த 8 சதவீதத்தால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவது சார்ஜ் அட்டாக் திறக்கச் செலவிடாதீர்கள், ரெய்டுக்கு அது தேவையில்லை.

ராக்கெட் கும்பலிடமிருந்து மீட்டுப் பிடிக்கும் ஷேடோ போகிமானுக்குத் தாக்கு 20 சதவீதம் அதிகம், தாங்கும் திறன் குறைவு, பவர் அப் செலவும் 20 சதவீதம் அதிகம். சைக்கிக் மியூட்டூவுக்கு எதிரே ஷேடோ டைரனிட்டார் அந்தச் செலவுக்குத் தகும். ஏற்கெனவே கண்ணாடியாக உடையும் கெங்கரை ஷேடோவில் வளர்ப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

மெகாவை ஒருவர் மட்டும் களத்தில் வைத்தால் போதும். அது நிற்கும்வரை அதே வகைத் தாக்குதல் செய்யும் மற்றவர்களுக்கு 30 சதவீதம் கூடும், வேறு வகைக்கு 10. டார்க் டீமுக்கு மெகா டைரனிட்டார், கோஸ்ட் டீமுக்கு மெகா கெங்கர். யார் எதைக் கொண்டுவருவது என்று லாபிக்கு முன்பே பேசிவிடுங்கள், ஒரே வகைக்கு இரண்டு மெகா நின்றாலும் பலம் இரட்டிப்பாகாது. விளையாட்டில் ‘பெஸ்ட் ஃப்ரெண்ட்’ நிலையை எட்டிய நண்பர் ஒருவர் கூட நின்றால் இன்னும் 10 சதவீதம். சீசன் இல்லாத வாரநாளில் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் மூன்று பேர் சேர்ந்தாலே, லெவல் 40-ஐ ஒட்டிய டீம்களோடு மியூட்டூவை வீழ்த்தலாம். இரண்டு பேர் என்றால் மெகாவும் பனியும் இரண்டும் வேண்டும்.

காற்றுக் குறி வந்தால் உங்களுக்குப் பலம் இல்லை, மியூட்டூவின் சைக்கிக் அடிகளுக்கு உண்டு. ஆனால் வென்றால் கிடைக்கும் மியூட்டூ லெவல் 25, சிபி (மொத்தப் பலத்தைக் காட்டும் எண்) 2,984 வரை. மூடுபனியில் வெல்வது சுலபம், கிடைப்பது லெவல் 20, சிபி 2,387 வரை. ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள் என்றால் காற்றுக்குக் காத்திருங்கள், மூவர்தான் என்றால் பனியிலேயே முடித்துவிடுங்கள். ரெய்டு 45 நிமிடம் நிற்கும், இடையில் மணி திரும்பினால் குறி மாறக்கூடும் என்பதால் லாபியில் நுழையும் முன் ஒருமுறை திரையின் மேலே உள்ள குறியைப் பாருங்கள்.